மோரிஸ் மைனர்: புது வயரிங்குக்கு முதல் தடவை பேட்டரி கொடுப்பது எப்படி?

மைனர்_பிரியன்:
என் பழைய மோரிஸ் மைனர் 1000 காருக்குப் புது வயரிங் இழுத்து முடித்தாயிற்று. பாசிட்டிவ் எர்த்தை (பேட்டரியின் பாசிட்டிவ் பாடியோடு சேர்வது) மாற்றவில்லை. மொத்தமே ரெண்டு ஃபியூஸ்தான், அதுவும் 35 ஆம்பியர், ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது, ஷார்ட் இருந்தால் புகை வந்த பிறகுதான் தெரியும். எப்படிச் சோதிப்பது?

பழைய_டைனமோ:
பேட்டரி நெகட்டிவுக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டுங்கள். ஸ்விட்ச் எல்லாம் ஆஃப். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், ஆனால் ரெண்டு ஆம்பியருக்கு மேல் போகாது, வயர் பிழைத்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு ஸ்விட்சாகப் போடுங்கள். ஸ்டார்டரை மட்டும் தொட வேண்டாம்.

மைனர்_பிரியன்:
நன்றி அண்ணா. எல்லாம் ஆஃபில் பல்பு எரியவில்லை, சாவியைத் திருப்பினால் நன்றாக எரிகிறது. ஷார்ட்டா?

பழைய_டைனமோ:
இல்லாமலும் இருக்கலாம் தம்பி. பிளாட்டினம் பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் கான்டாக்ட்) மூடியிருந்தால் ஸ்பார்க் கொடுக்கும் இக்னிஷன் காயில் கரண்ட் இழுக்கும், எஸ்யூ பம்பும் (கரண்டில் ஓடும் பெட்ரோல் பம்பு) இழுக்கும். ரெண்டிலும் வெள்ளை வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பல்பு மங்கினால் சரி, அப்படியே எரிந்தால் வெள்ளை, பச்சை வயர்களில் தேடுங்கள். ஹெட்லைட் போட்டாலும் இந்தச் சோதனைப் பல்பு நன்றாகத்தான் எரியும், பயப்படாதீர்கள்.

கராஜ்_ராஜா:
புது பெயின்ட் அடித்த வண்டியா? எர்த் போல்ட் உட்காரும் இடத்தைத் தகரம் தெரியச் சுரண்டுங்கள். இண்டிகேட்டர் போடும்போது பார்க் லைட்டும் சேர்ந்து மினுக்கினால் அந்த விளக்கின் எர்த்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.