ஐந்து வாரக் குஞ்சுகளில் சேவல் எது, பெட்டை எது?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடைக்கோழி பொரித்த ஒன்பது குஞ்சுகளுக்கு இப்போது ஐந்து வாரம் ஆகிறது. அவற்றின் நடத்தையைக் கொண்டு சேவலையும் பெட்டையையும் பிரித்தறிய முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கழுத்தில் கருமை படர்ந்த குஞ்சு ஒன்று, தீவனத் தட்டருகே எது வந்தாலும் கழுத்து இறகைச் சிலிர்த்து, நெஞ்சை நிமிர்த்தி மோதப் பாய்கிறது. மேலே காக்கையின் நிழல் விழுந்தால் மற்றவை தாயின் சிறகுக்குள் ஒடுங்க, அது மட்டும் கழுத்தை நீட்டியபடி அசையாமல் நிற்கிறது. வீட்டில் அனைவரும் அதைச் சேவல் என்றே முடிவு கட்டிவிட்டனர். எனக்கு அவ்வளவு உறுதியில்லை, ஏனெனில் இந்த வயதில் பெட்டைகளும் தமக்குள் யார் பெரியவர் என்று மோதிப் பார்ப்பதுண்டு. போதாக்குறைக்கு அதன் கொண்டை இன்னும் வெளிர் மஞ்சளாகவே இருக்கிறது. ஆனால் எப்போதும் ஓரமாக ஒதுங்கி நிற்கும் சாதுவான குஞ்சுக்கோ, சேவலுக்குப் போலக் கொண்டை தடித்துச் சிவக்கத் தொடங்கிவிட்டது.

இறக்கை இறகின் நீளத்தைக் கொண்டு பிரிக்கும் முறை, அதற்கென்றே இணைசேர்க்கப்பட்ட இனங்களில்தான் பொருந்தும். எங்களுடையவை கலப்புக் குஞ்சுகள். ஜப்பானியர் வகுத்த, கழிவுத்துவாரத்தைப் பார்த்தறியும் முறை பொரித்த ஓரிரு நாளுக்குள் தேர்ந்த கைகள் செய்ய வேண்டியது.

ஆகவே, நடத்தையும் கொண்டையும் முரண்படும்போது நீங்கள் எதை நம்புவீர்கள்? இடுப்பருகே சேவலுக்கே உரிய கூரிய இறகுகள் முளைக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியுண்டா?