நூல் அட்டை கையில ஒட்டின அன்னிக்கு, அதைக் கொன்னுட்டேனா?

பாம்பன்_கரை:
நூல் அட்டைங்கிறது கடலட்டையில ஒரு வகை, வெள்ளரிக்காய் மாதிரி மெத்துன்னு கடலடி மணல்ல கிடக்கும். நேரா விஷயத்துக்கு வர்றேன். தண்ணி வத்திக் கிடந்த நேரம். கால்ல மெத்துன்னு ஏதோ பட்டுச்சு, குனிஞ்சு எடுத்துட்டேன். அடுத்த நொடி பின்பக்கத்துல இருந்து இடியாப்பம் பிழிஞ்ச மாதிரி வெள்ளை நூல் பீறிட்டு வந்து அஞ்சு விரலையும் சேர்த்துக் கட்டிடுச்சு. உதறினேன், விடலை. அட்டையைத் தண்ணியிலேயே விட்டுட்டு வந்துட்டேன். குடலையே கக்கிட்டுச் செத்திருக்குமோன்னு இன்னும் உறுத்துது.

விலங்கியல்_ஆசிரியை:
அது குடல் இல்லைங்க, கூவியர் குழாய்கள். கடலட்டை மூச்சு விடுறதே ஆசனவாய் வழியாத்தான். தண்ணியை உள்ளே இழுத்து, மரம் மாதிரி கிளை பிரிஞ்ச ரெண்டு சுவாச உறுப்புக்கு அனுப்பும். அந்த மரத்தோட அடியில இருக்கிற குழாய்களைத்தான் உங்க மேல வீசியிருக்கு. சில வாரத்துல திரும்ப முளைச்சுடும்.

1998-ல கல்லூரியில பார்மலின்ல கிடந்த ஒரு கடலட்டையை நீளவாக்குல திறந்தேன். உள்சுவர்ல வெள்ளையா அஞ்சு தசைப்பட்டை. நட்சத்திர மீனோட அஞ்சு கையும் அங்கே படுத்துக் கிடக்கிற மாதிரி தெரிஞ்சுது. ரெண்டும் முட்தோலிகள், அதாவது தோல்ல முள் இருக்கிற ஒரே கூட்டத்து உயிர்கள்னு புத்தகத்துல எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், அன்னிக்குத்தான் நம்பினேன்.

மலைக்காடு:
அட்டைன்னாலே எனக்கு ஆகாது. வால்பாறையில சாக்ஸைக் கழட்டினா உள்ளே ரத்தம், ஏழு அட்டை. கடல்ல இருந்தா என்ன, காட்டுல இருந்தா என்ன, ஒரே இனம்தானே?

விலங்கியல்_ஆசிரியை:
இல்லவே இல்லை. உங்க காலைக் கடிச்சது மண்புழுவுக்குச் சொந்தம், உடம்பு முழுக்க வளையம், ரெண்டு முனையிலும் உறிஞ்சி. கடலட்டைக்கு வளையமும் கிடையாது, ரத்தம் குடிக்கிற பழக்கமும் கிடையாது. மணலைத் தின்னு அதுல மக்கிக் கிடக்கிறதை எடுத்துக்கிட்டு மணலை வெளியே விடும். பேர் ஒண்ணா இருக்குன்னு உறவாக்கிடாதீங்க.

பழைய_வள்ளம்:
டீச்சர் சொன்னது நூல் அட்டைக்குச் சரி. வெள்ளை அட்டைன்னு இன்னொரு வகைக் கடலட்டை நிஜமாவே குடலைக் கக்கும், கடலட்டை பிடிக்கத் தடை வர்றதுக்கு முன்னாடி நானே பார்த்திருக்கேன். உச்சிவெயில்ல கூடைக்குள்ள ஒண்ணு மொத்தக் குடலையும் தள்ளிட்டு வெறும் தோலா படுத்திருந்துச்சு. கடல்ல விட்டா புதுக் குடல் வளரும்னு எனக்கு அப்போ தெரியாது.

தம்பி பாம்பன், இனிமே எதையும் கையால எடுக்காதே. 2001-லேயே கடலட்டை எல்லாத்தையும் வனவிலங்குச் சட்டத்து முதல் அட்டவணையில சேர்த்தாச்சு, வச்சிருந்தா கேஸ்தான். நூல் ஒட்டினா அந்தக் கையோட கண்ணைக் கசக்காதே, அதுல நஞ்சு உண்டு, எரியும். காய்ஞ்ச மணலைத் தேய்ச்சு உருட்டி எடு. வத்துன தண்ணியில செருப்பில்லாம நடக்காதே. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா முதல்லயே சொல்லி வை.

கிளிநொச்சி_கடல்:
எங்கட பக்கம் அனுமதி எடுத்துப் பிடிக்கிறவை. மாமா கொண்டுவந்த வாளிக்குள்ள ஒரு பெரிய அட்டை கிடந்தது. நான் பாத்துக்கொண்டு நிக்க, அதின்ர பின்பக்கத்தால கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய மீன் தலையை நீட்டினது. நான் கத்திப்போட்டன். மாமா, "அதின்ர வீடு அதுதான், சும்மா நில்லு" எண்டார். மீன் முழுசா வெளியில வந்து வாளியை ஒரு சுத்துச் சுத்திச்சுது. பிறகு அட்டை மூச்சுக்கு ஆசனவாயைத் திறக்கேக்க, வாலை முன்னுக்கு விட்டு, மெல்ல மெல்லப் பின்னாலயே உள்ள போயிட்டுது.