கல்லடிக் கரையில அமோனைற்றாம்!

பாடும்மீன்: மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில ஒதுங்கின வெள்ளைச் சுருள் ஓட்டைப் படம் போட்டு "அமோனைற்" (அழிஞ்சுபோன சுருளோட்டுக் கடலுயிர்) எண்டு எழுதியிருக்கு. அது ஸ்பைருலா. இப்பவும் ஆழ்கடல்ல வாழுற கணவாய்ச் சொந்தம். செத்தா ஓடு மிதந்து வரும். அமோனைற் 6.6 கோடி ஆண்டுக்கு முதலே முடிஞ்சுது. ஓட்டை வெட்டிப் பாருங்க: அறைகளுக்கூடாப் போற சைபங்கிள் எண்ட மெல்லிய குழாய் சுருளின்ட உள்விளிம்பில. அமோனைற்றுக்கு வெளிவிளிம்பில.

அக்கரையான்: படம் போட்டது நான்தான் சேர். டெவோனியன் காலக் கடைசியில வாழ்ந்த அமோனைற் சொந்தம் கிளைமீனியாவுக்கும் உள்விளிம்புதானே? அதையும் கடல்ல எறிவமா?

பாடும்மீன்: கிளைமீனியாக் கூட்டம் ஒரு தனி வருணம் (order), விதிவிலக்கு. அதின்ட சுருள்கள் ஒண்டோடொண்டு ஒட்டும். உங்கட ஓட்டுச் சுருளுக்கிடையில ஈர்க்கு நுழையும்.

அக்கரையான்: கிரியோசெரற்றைற்றீஸ் எண்ட அமோனைற்றின்ட சுருளும் ஒட்டாது.

பாடும்மீன்: அதுக்குக் குழாய் வெளிவிளிம்பில, தையற்கோடு (அறைச்சுவர் ஓட்டோட சேருற கோடு) முழுக்க மடிப்பு. ஸ்பைருலாவில மடிப்பே இல்ல.

அக்கரையான்: கிளைமீனியா. உள்விளிம்பு. பதில்?

நெய்தல்: "வருணம்" எண்டா மனசு எங்கயோ போகுது. வரிசை எண்டு எழுதினா என்ன?

வாவிக்கரை: எங்கட உயர்தரப் புத்தகத்தில வருணம்தான். பேரினத்துக்குச் "சாதி" எண்டிருக்கு, அதையும் அழிக்கப்போறீங்களா?

பாடும்மீன்: சண்டையை அங்கால வையுங்க. உயிர்ச்சுவட்டை வெட்டுறவங்க நடுக்கோட்டில வாளை வைக்காதீங்க. வாள் தின்னுற தடிப்பிலயே குழாயும், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைஞ்ச முதல் அறையும் போயிரும். 2 மி.மீ. தள்ளி வெட்டி, மறுகா 400, 800 நம்பர் அரத்தாளில தண்ணி விட்டு நடுத்தளம் வரைக்கும் தேய்க்கணும். முதற் சுருள்ல பல அமோனைற்றுக்குக் குழாய் நடுவில நிக்கும், பிறகுதான் வெளியே நகரும். தையற்கோடு ஓடு போன கல்வார்ப்பில (ஓட்டுக்குள்ள நிறைஞ்சு கல்லான சேறு) மட்டும்தான் தெரியும். கூடத் தேய்ச்சா அமோனைற் மடிப்பும் மழுங்கி, மடிப்புக் குறைஞ்ச பழைய சொந்தம் செரற்றைற் மாதிரித் தோணும்.

அக்கரையான்: "நடுவில நிக்கும்" எண்டு நீங்களே சொல்லிட்டீங்க! உங்கட வெளிவிளிம்பு எங்க போச்சு?

வாவிக்கரை: தேய்க்காமலே மழுங்கினதும் இருக்கு. கிரெட்டேசியஸ் கால அமோனைற் டிசோட்டியாவுக்குச் செரற்றைற் கோடு. போன தடவை கண்டகி ஆத்துச் சாளக்கிராமத்தை (அது அமோனைற்) நத்தை எண்ட ஆளுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?

பாடும்மீன்: நத்தை எண்டது எழுத்துப்பிழை.

வாவிக்கரை: மூண்டு இடத்திலயுமா?

பாடும்மீன்: அக்கரையான், இஞ்ச நிலத்தடியில விஜயன் தொகுதி. அமோனைற் தோன்ற முதலே வெந்து உருமாறின பாறை.

அக்கரையான்: நிலத்தில கிடைச்சது எண்டு ஆர் சொன்ன? கடலால வந்தது.

பாடும்மீன்: அமோனைற் கிடைக்கிற தமிழ்நாட்டு அரியலூரில இருந்தா? கல்லு மிதக்குமா மனே?

அக்கரையான்: கிளைமீனியா.