கல்லடி வீட்டார் குழு: தம்பிட சப்பாத்து

வியாழன், பின்னேரம் 5:48

நான்: (படம்)

நான்: பாருங்க இத. உன்னிச்சை வாய்க்கால் கட்டில வச்சு வாயப் பிளந்திட்டு. கம்பி கட்டுற கயித்தால சுத்திக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினன். பஸ்ஸில முழு ஆக்களும் என்ட காலத்தான் பார்த்தாக்கள்.

அக்கா: வாவி முதலை மாதிரியே கிடக்கு. எத்தின நாள் போட்ட?

நான்: நாலு மாசம். 4500 ரூபா.

அம்மா: நான் அண்டைக்கே சொன்னன்

அம்மா: வரக்குள்ள பாண் வாங்கிட்டு வா

நான்: எதப் போட்டுக்கொண்டு கடைக்குப் போக அம்மா?

அம்மா: வெறுங்காலோட போ. கொப்பரெல்லாம் அப்படித்தான் போனாக்கள்

அத்தான்: தம்பி, சோல் கழண்ட இடத்தக் கிட்ட வச்சு இன்னொரு படம் போடு.

நான்: (படம்)

அத்தான்: நினைச்சன். தையலே இல்ல, வெறும் பசை. ஓரத்தால ஓடுற அந்த நூல் சும்மா அழகுக்கு. கவிட்டுப் பாரு, அடியில நூல் வந்திரிக்கா?

நான்: இல்ல. மொழுமொழு எண்டு கிடக்கு.

அத்தான்: அவ்வளவுதான். கொங்கிரீட் சூட்டிலயும் வாய்க்கால் தண்ணியிலயும் மாறி மாறி நிண்டா பசை எத்தின நாளைக்குப் பிடிக்கும்?

நான்: தோலும் உரியுது அத்தான். பாம்புச் சட்டை மாதிரி.

அத்தான்: அப்ப அது தோலே இல்ல. துணிக்கு மேல பிளாஸ்டிக் பூச்சு. மாட்டுத் தோல் சுருங்கும், காய்ஞ்சா வெடிக்கும், ஆனா சட்டை கழட்டாது.

நான்: உள்ளுக்க ஜெனுயின் லெதர் எண்டு அடிச்சிரிக்கே!

அத்தான்: எந்தத் துண்டு லெதர் எண்டு அடிச்சிரிக்கா? நான் புறக்கோட்டையில ஏழு வருசம் சப்பாத்துக் கடையில நிண்டவன். அந்தச் சொல்லக் காட்டித்தான் நாங்களும் வித்த நாங்க. தோல் எண்டதுக்கு மேல அது ஒண்டும் சொல்லாது. தோலத் தடிப்பில ரெண்டாப் பிளந்து, கீழ்ப் பாதிக்குப் பூச்சுப் பூசினாலும் அது தோல்தான். தோல்த் தூளப் பசையில குழைச்சுத் தகடாக்கி அதுக்கும் லெதர் எண்டு பேர் வைக்கிறானுகள். உனக்குத் தேவை ஃபுல் கிரெய்ன். மேல் முகத்தச் சீவாம, உரசாம விட்ட தோல். மாட்டுக்கு முள்ளுக் கீறின தழும்பு கூட அதில இரிக்கும்.

அக்கா: இவர் எனக்கு வாங்கித் தந்த ஹேண்ட்பேக்கில எந்தத் தழும்பும் இல்ல

அத்தான்: இது சப்பாத்துக் கதை

லண்டன் மாமா: மருமகனே, நான் தையில வாறன். நான் கொண்டு வாறன், கவலைப்படாத. அளவு என்ன?

நான்: 8 மாமா.

அத்தான்: எந்த 8? பிரித்தானிய 8 எண்டா அமெரிக்கக் கணக்கில 9 கிட்ட வரும், ஐரோப்பாக் கணக்கில 42. பெட்டியில மூண்டும் போட்டிரிப்பான், பிழையான நம்பரப் பார்த்து வாங்கிட்டு அங்க இருந்து இஞ்ச கொண்டு வந்தா என்ன செய்யிறது?

லண்டன் மாமா: அப்ப கால அளந்து அனுப்புங்க. டொக்டர் மார்டன்ஸ் பூட்ஸ் எடுக்கிறன், 1460 எண்ட மொடல். 1960ம் ஆண்டு நாலாம் மாசம் முதலாம் திகதி முதல் சோடி செய்தவங்க, அதாலதான் அந்த நம்பர். நான் வந்த புதுசில பொடியனுகள் எல்லாரும் அதுதான்.

அக்கா: ஏப்ரல் 1ஆ? ஆக்களப் பேக்காட்டுற நாளில

அத்தான்: நல்ல சாமான்தான் மாமா. ஆனா எந்தத் தடிச்ச தோல் பூட்ஸும் முதல் ரெண்டு மூண்டு கிழமை குதிக்காலக் கடிக்கும். இவன் புதுசப் போட்ட அண்டைக்கே உன்னிச்சைக்கு ஓடுவான். வீட்டுக்குள்ள தினம் ஒரு மணித்தியாலம் போட்டு நடந்து பழக்க வேணும்.

அம்மா: வீட்டுக்குள்ள சப்பாத்தா? சாமியறைப் பக்கம் வரப்படாது

நான்: அத்தான், எனக்கு ஒரு சோடிதான் வேணும். பகலில வேலைத்தளம், பின்னேரம் அதோடயே டவுனுக்குப் போக வேணும். ரெண்டு வாங்கக் காசு இல்ல.

அத்தான்: அங்கதான் நீ பிழைக்கிறாய். கம்பியும் கல்லும் தூக்குற இடத்துக்கு முன்னுக்கு இரும்புத் தொப்பி வச்ச சப்பாத்து வேணும். ஐஎஸ்ஓ 20345 எண்டு ஒரு தரம் இரிக்கி, அந்த நம்பர் நாக்கிலயோ உள்ளுக்கயோ இரிக்கா எண்டு பாரு. 200 ஜூல் அடி தாங்க வேணும் எண்டு விதி.

அக்கா: தமிழில சொல்லுங்க

அத்தான்: 20 கிலோக் கல்லு ஒரு மீட்டர் உயரத்தில இருந்து விரலில விழுந்தாலும் நசியாது. அதில எஸ்3 எண்டு போட்டிரிந்தா ஆணியும் அடியால ஏறாது, மேல் தோலும் தண்ணிய லேசில விடாது. இத உன்ட கொந்தராத்துக்காரர் தர வேணும், நீ வாங்கிறதில்ல. கேட்டியா?

நான்: கேட்கல்ல

அத்தான்: நாளைக்குக் கேள். அத வேலைத்தளத்திலயே வச்சிட்டு வா. மாமா கொண்டு வாறது மேற்பார்வைக்கும், கந்தோருக்கும், டவுனுக்கும். இரும்புத் தொப்பியோட காந்திப் பூங்காவில உலாத்தினா உனக்கு ஆரு பொம்பிள தாறது?

அம்மா: அதான

லண்டன் மாமா: நான் ஒரு கதை சொல்ல வேணும். மூத்தவள்ர கலியாணத்துக்கு வந்தன் எல்லா, அப்ப கொண்டு வந்த பூட்ஸ் ஆறு வருசம் பெட்டிக்குள்ள பத்திரமா வச்சிரிந்தது. ஒரு நாளும் போடல்ல. மண்டபத்தில பத்து அடி நடந்திரிப்பன், சோல் உதிரத் தொடங்கிட்டு. கறுப்புக் கேக் மாதிரி. மணவறை வரைக்கும் பொடி.

அக்கா: அது நீங்களா!!! நாங்க ஆரோ சேறோட வந்திட்டாங்க எண்டு கூட்டின நாங்க

அத்தான்: அது பியூ சோல் மாமா, பொலியூரித்தேன் எண்ட ஒரு பிளாஸ்டிக். காத்தில இருக்கிற ஈரம் அத உள்ளுக்கால அறுத்துக்கொண்டே இரிக்கும். போட்டு நடந்தா ஈரம் பிதுங்கிப் போகும், சும்மா வச்சாத்தான் கெதியா உதிரும். பத்திரப்படுத்தினதுதான் பிழை.

லண்டன் மாமா: இத ஆரு எனக்குச் சொன்ன?

அத்தான்: அதாலதான் வெல்ட் தையல் பாருங்க எண்டு சொல்றன். மேல் தோலையும் ஒரு தோல் வாரையும் சேர்த்துத் தைச்சு, மறுகா அந்த வாரில சோலத் தைக்கிறது. சோல் தேய்ஞ்சா அதை மட்டும் வெட்டி எடுத்துப் புதுசு போடலாம், மேல் தோலுக்கு ஒண்டும் ஆகாது. குட்இயர் வெல்ட் எண்டு பேர்.

நான்: டயர்க் கம்பனியா?

அத்தான்: இல்ல. ரப்பர வேக வச்சுப் பதப்படுத்தக் கண்டுபிடிச்ச மனுசன்ட மகன் செய்த மெசின். டயர்க் கம்பனி 1898ல வேற ஆக்கள் தொடங்கி, தகப்பன்ட பேர வச்சவங்க.

பெரியப்பா: (குரல் செய்தி 3:12)

அம்மா: எனக்கு இது கேக்குதில்ல. ஆரும் எழுதிப் போடுங்க

அக்கா: எழுதுறன். "வாழைச்சேனைக் கடதாசி ஆலையில எனக்கு ஒரு சோடி பூட்ஸ் தந்தவங்க. பத்தொன்பது வருசம் போட்டன். மூண்டு தரம் அடி மாத்தினன். பஸ் நிலையத்துப் பக்கம் இருந்த மனுசன் மெழுகு நூலில கையால தைப்பார், ஊசி ரெண்டு, ரெண்டு பக்கத்தாலயும். ஒரு மாரியில நனைஞ்சு போச்செண்டு அடுப்படியில காய வச்சன், அப்பளம் மாதிரி வெடிச்சிட்டு. பேத்தாளையில இருந்த ஒராள் சொன்னார், பழைய பேப்பரக் கசக்கி உள்ளுக்க அடை, ஈரமானா மாத்து, நிழலில வை எண்டு." பிறகு இருமல். பிறகு "தேங்காண்ண பூசாத, நானும் பூசினன், நாறி, பூஞ்சணம் பிடிச்சு, தூசியெல்லாம் ஒட்டிக்கொண்டு" எண்டு. பிறகு கால் மேசக் கழுவு எண்டு தம்பிக்கு.

நான்: நான் கழுவுறனான்

அம்மா: இல்ல

அத்தான்: பெரியப்பா சொன்னதெல்லாம் சரி. மெழுகுப் பொலிஷ் போதும். இன்னொண்டு, ஒரே சோடிய ஒவ்வொரு நாளும் போடாத. உள் வேர்வை காய ஒரு நாள் வேணும், நம்மட மாரிக்கு ரெண்டு.

லண்டன் மாமா: சுவேட் தோலில, அந்தப் பொசுபொசு எண்ட தோல், மண் நிறத்தில ஒண்டு பார்த்தன், மெல்லிசு. அது எப்படி?

அத்தான்: டவுனுக்கு வடிவு, வெக்கைக்கும் சுகம். படுவான்கரைச் சேத்தில ஒரு நாள் இறங்கினாக் கதை முடிஞ்சிது. வேணாம். கறுப்பில்லாம மண்ணிறம் எடுங்க, மழமழத்த தோல், கணுக்காலுக்கு மேல வாற உயரம்.

அக்கா: ஒரு சந்தேகம். சப்பாத்து எண்ட சொல்லே போர்த்துக்கீசன் தந்தது. 1628ல இஞ்ச கோட்டையும் கட்டினவன். அவனுக்கு முதல் நம்மட ஆக்கள் எதப் போட்டாங்க?

அம்மா: ஒண்டும் போடல்ல. சுகமா இருந்தாங்க

அத்தான்: சரி, கால அளக்கிற விசயம். தம்பி, இப்பவே செய். காலையில அளக்காத, பின்னேரத்திலதான் கால் வீங்கி உண்மையான அளவுக்கு வரும். மேசு போட்டு, பேப்பரில ஏறி நில். இருந்துகொண்டு கீறாத. பேனையச் செங்குத்தாப் பிடிச்சு ஆரும் கீற வேணும். ரெண்டு காலும். நீளம், அகலம் ரெண்டும் சென்ரிமீற்றரில.

அம்மா: நான் கீறுறன்

7:20

நான்: (படம்)

நான்: வலது 26.4. இடது 27 சரியா. அகலம் 10.2, 10.5. அம்மா ரெண்டு தரம் கீறினவ, பிழையில்ல.

லண்டன் மாமா: அப்ப எந்தக் காலுக்கு எடுக்கிறது?

அத்தான்: பெரிய காலுக்கு. எப்பவும். விரலுக்கு முன்னுக்கு ஒரு பெருவிரல் அகலம் வெறுசா இருக்க வேணும். சின்னக் காலுக்கு உள்தட்டு ஒண்டு மேலதிகமா வைக்கலாம். அளவுக்கு அளவு அங்குலத்தில மூண்டில ஒரு பங்குதான் வித்தியாசம், அதால அரை அளவும் கேட்டுப் பாருங்க மாமா.

லண்டன் மாமா: சரி. எட்டரையும் பாக்கிறன்.

பெரியப்பா: தம்பி இடது கால் பெரிசா

நான்: ஓம் பெரியப்பா

பெரியப்பா: உன்ட அப்பாவுக்கும் அப்படித்தான்

7:41

அம்மா: ஓம். கடையில இடது காலத்தான் முதல் போட்டுப் பார்ப்பார். வலது தொளதொள எண்டு நடப்பார். ரோட்டில வாற சத்தத்திலயே எனக்குத் தெரியும்

அக்கா: எனக்கும் அந்தச் சத்தம் ஞாபகம் அம்மா

லண்டன் மாமா: தையில கட்டாயம் கொண்டு வாறன் அக்கா.

7:52

அம்மா: பாண் எங்க