கடற்கரை உதயம்: ஒரே ஷாட்டா, மூன்றை ஒட்டுவதா?

மணல்வெளி:
நேற்று பெசன்ட் நகரில் ஷ்மிட் நினைவு மண்டபத்தை வைத்து உதயம் எடுத்தேன், இது நாலாவது தடவை. கேமராவில் வானத்தின் வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் மண்டபமும் மணலும் கரிக்கட்டை, மண்டபத்துக்கு வைத்தால் சூரியன் இருக்கும் இடத்தில் வெறும் வெள்ளை ஓட்டை. அதனால் ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று எக்ஸ்போஷர் எடுத்து வீட்டில் கணினியில் ஒட்டினேன். படத்தைப் போட்டதும் ஒருவர் "இது ஒட்டுவேலை, போட்டோ இல்லை" என்று எழுதிவிட்டார். நான் அங்கே நின்றபோது வெள்ளைச் சுவரும் தெரிந்தது, சிவந்த வானமும் தெரிந்தது. கண் பார்த்ததை கேமராவால் ஒரே தடவையில் பிடிக்க முடியவில்லை என்றால் மூன்று தடவையாகப் பிடிப்பதில் என்ன தப்பு?

ஈரக்காற்று:
எழுதியது நான்தான், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். உங்கள் படத்தைப் பெரிதாக்கி இடது மூலையைப் பாருங்கள். ஒரு நுரைக்குள் இன்னொரு நுரை, பறக்கிற காகம் இரண்டு இடத்தில் பாதி பாதியாக இருக்கிறது. மலையையும் கட்டடத்தையும் ஒட்டலாம், அவை அசையாது. கடல் அப்படியா? மூன்றாவது கிளிக்குக்குள் அலை கரையேறித் திரும்பிவிடுகிறது.

அப்புறம், சூரியனுக்காகக் காத்திருப்பதே தப்பு என்பேன். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது, சூரியன் இங்கே அதிகம் சாயாமல் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறுகிறது, விளிம்பு தெரிந்ததிலிருந்து முழு வட்டம் வெளியே வர இரண்டு நிமிடம்தான். அதற்கு இருபது நிமிடம் முன்னால் வாருங்கள். அப்போது வானத்துக்கும் மணலுக்கும் வெளிச்சத்தில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது, ஒரே ஷாட்டில் அடங்கிவிடும்.

மணல்வெளி:
5 மணிக்கே வந்துவிட்டேன் நண்பரே! ஏசி அறையில் இருந்து நேராக எடுத்துவந்த கேமரா, மூடியைக் கழற்றியதும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது. அது தெளிவதற்குள் நீங்கள் சொல்லும் அந்த நல்ல வெளிச்சம் போய்விட்டது. மேல்பாதி மட்டும் கறுப்பேற்றிய ஜிஎன்டி ஃபில்டரும் லென்ஸ் முன்னால் போட்டுப் பார்த்தேன், அடிவானத்துக்கு மேலே எல்லாவற்றையும் அது இருட்டாக்குவதால் மண்டபத்தின் மேல்பாதி கறுத்துப்போகிறது. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பழவேற்காட்டான்:
தம்பி, நான் இதில் எந்தக் கட்சியும் இல்லை, ஆனால் 5 மணிக்கு வந்தும் வெளிச்சத்தை விட்டது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. முதல்நாள் இரவே கேமராவைப் பையோடு ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள், ஆவி படியாது. கிழக்கே கடலில் இருந்து கொண்டல் காற்று அடிக்கும் நாளில் உப்புத் தூவானம் நேராக லென்ஸில்தான் வந்து விழும், அதைக் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறிவிடும், கொஞ்சம் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். டிரைபாட் கால்களை அமுக்கிப் புதைத்த பிறகுதான் ஃபோகஸ் செய்யுங்கள். அலை திரும்பும்போது காலடி மணலை அது எப்படி உருவிக்கொண்டு போகிறது என்று நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. வடக்கில் இருந்து கிழக்குப் பக்கமாக அளந்தால் ஜூனில் சூரியன் 66 டிகிரியில் எழும், டிசம்பரில் 114. மண்டபத்தின் திறப்புக்குள் சூரியன் வர வேண்டுமென்றால் நிற்கும் இடம் மாதத்துக்கு மாதம் மாறும். போன தடவை நின்ற இடத்திலேயே மறுபடி போய் நிற்காதீர்கள்.

ஈரக்காற்று:
ஜிஎன்டி விஷயம் சரிதான், கட்டடம் அடிவானத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அது உதவாது. நான் கேட்பது வேறு. மண்டபம் ஏன் வெளுப்பாகத் தெரிய வேண்டும்? கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் 1930இல் உயிரைவிட்ட ஒரு டென்மார்க் மாலுமிக்காகக் கட்டியது அது. விடியும் வானத்துக்கு முன்னால் கறுப்பாக, தனியாக நிற்கட்டும், அந்த உருவமே போதும். இரண்டையும் கண் பார்த்தது என்கிறீர்கள். ஒரே நொடியில் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துவிட்டுச் சுவருக்கு வரும்போது கண் தன்னை மாற்றிக்கொள்கிறது.

மணல்வெளி:
அப்படியென்றால் கண்ணே இரண்டு எக்ஸ்போஷரை ஒட்டித்தானே காட்டுகிறது? நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் நுரை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. கடலும் வானமும் முழுக்க ஒரே ஷாட்டில் இருந்து எடுத்து, மண்டபத்தை மட்டும் வேறு ஷாட்டில் இருந்து ஒட்டி, மறுபடி போட்டிருக்கிறேன். இப்போது பாருங்கள்.

ஈரக்காற்று:
பார்த்தேன். நுரை சரியாகிவிட்டது, காகமும் ஒன்றுதான். ஆனால் மண்டபத்தின் நிழல் நம் பக்கம் விழுந்து கிடக்கிறது, நம்மைப் பார்க்கும் சுவரோ வெயில் பட்டதுபோல் பளிச்சென்று இருக்கிறது. வெயில் அதற்குப் பின்னால் அல்லவா இருக்கிறது? அந்த நேரத்தில் அந்தச் சுவர் நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில்தான் இருக்கும். ஒட்டுவதாகவே இருந்தாலும் சுவரின் வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப், அதாவது நாலில் ஒரு பங்காகக் குறைத்து ஒட்டுங்கள்.