பழைய கணினியின் உள்ளமைந்த வன்பொருள் சோதனை: ‘பாஸ்’ என்று வந்தால் நம்பலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். டிடிபி வேலைக்கும் ஜெராக்ஸுக்குமாகச் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். அங்கே உள்ள மேசைக் கணினி, ஏதோ ஓர் அலுவலகம் 2012-இல் வாங்கிப் பயன்படுத்திக் கழித்தது. 4 ஜிபி வீதம் இரண்டு ராம் (நினைவகம்), 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. மூன்று வாரங்களாக, பெரும்பாலும் பிற்பகல் வேளையில், மவுஸ் அம்பு உட்பட எல்லாம் அப்படியே உறைந்துவிடுகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு முறை நீலத்திரையும் வந்தது.

பார்க்க வந்த மெக்கானிக், மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார். அதற்குப் பணம் போடுவதற்கு முன், நேற்றுக் காலை கடை திறந்ததும், கணினியில் உள்ளமைந்திருக்கும் டயக்னாஸ்டிக்ஸை ஓட்டிப் பார்த்தேன். விசிறி சிறிது நேரம் பெரும் இரைச்சலுடன் சுழன்றது, திரையில் வண்ணப்பட்டைகள் தோன்றின, ஐந்தே நிமிடத்தில் எல்லாப் பாகங்களுக்கும் ‘பாஸ்’ என்று வந்துவிட்டது. ஆனால் அன்று மாலை மூன்றரை மணிக்கே மீண்டும் உறைந்தது. அப்படியானால் இந்தச் சோதனை எதைத்தான் சோதிக்கிறது?

முதல் பதில்

இந்தச் சோதனை ‘பழுது’ என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். ‘பாஸ்’ என்று சொன்னால் அந்த ஐந்து நிமிடத்தில் பழுது கண்ணில் படவில்லை என்று மட்டுமே பொருள். நீங்கள் ஓட்டியது விரைவுச் சோதனை. அது ஒவ்வொரு பாகமும் இருக்கிறதா, கேட்டால் பதில் தருகிறதா, விசிறி சுழல்கிறதா என்று பார்க்கிறதே தவிர, ராமின் ஒவ்வொரு இடத்திலும் வெவ்வேறு எண் வரிசைகளை எழுதித் திரும்பப் படித்து ஒப்பிடும் வேலையை முழுமையாகச் செய்வதில்லை. விரைவுச் சோதனை முடிந்ததும் நினைவகத்தை விரிவாகச் சோதிக்கட்டுமா என்று பல கணினிகள் கேட்கும்; நாம் அவசரத்தில் வேண்டாம் என்று தள்ளிவிடுவோம். அதற்குச் சம்மதம் கொடுத்து, முப்பது நிமிடமோ அதற்கு மேலோ காத்திருங்கள்.

அதை ஓட்டும் நேரமும் முக்கியம். காலையில் குளிர்ந்திருந்த கணினியைச் சோதித்துவிட்டு, பிற்பகலில் சூடேறிய பின் வரும் கோளாற்றைத் தேடினால் கிடைக்காது. இரண்டு மணி நேரம் வழக்கமான வேலை செய்து, மூன்று மணிவாக்கில் மறுதொடக்கம் செய்து சோதனையில் நுழையுங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் போன்றவற்றில் எஃப்12 பட்டியலிலும், ஹெச்பி கணினிகள் பலவற்றில் எஃப்2 வழியாகவும் அது கிடைக்கும். விசைப்பலகை பின்பக்க யுஎஸ்பி துளையில் இருக்கட்டும். கம்பியில்லா விசைப்பலகையைச் சில பழைய கணினிகள் அந்தக் கட்டத்தில் கண்டுகொள்வதில்லை. வண்ணப்பட்டைகள் தெரிகின்றனவா என்று திரை கேட்கும்போது பதில் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டால், அதையும் ஒரு பிழையாகப் பதிந்துவிடக்கூடும் (எனக்கு நேர்ந்தது, நல்ல கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வைத்துவிட்டேன்). பிழைக் குறியீடு வந்தால் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், வாடிக்கையாளர் கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள். நலிந்த ஹார்டு டிஸ்கின் மேல் நீண்ட சோதனையையோ, விண்டோஸின் டிஸ்க் பிழை சரிபார்ப்பான ‘செக்டிஸ்க்’கையோ ஓட்டினால், மிச்சமிருக்கும் உயிரும் அந்த உழைப்பிலேயே போய்விடலாம்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதோடு சில சேர்க்கிறேன். பதினைந்து ஆண்டுகளாகச் சர்வீஸ் வேலையில் இருக்கிறேன். மதர்போர்டு என்று தீர்ப்புச் சொல்வது எளிது, ஏனென்றால் அதை மாற்றும்போது ராம், கேபிள்கள் எல்லாம் ஒருமுறை கழற்றி மாட்டப்படுகின்றன, பாதிக் கோளாறு அதிலேயே தீர்ந்துவிடும். ஆகவே அதை முதலில் நீங்களே செய்யுங்கள். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, துளையைச் சிறு பிரஷ்ஷால் சுத்தம் செய்து மாட்டுங்கள்.

ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலையும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பாருங்கள். 5-ஆம் பண்பும் 197-ஆம் பண்பும் கூடிக்கொண்டே போனால் டிஸ்கின் பரப்பு நலிகிறது என்று பொருள். இவை சுழியமாக இருந்து 199 மட்டும் கூடினால், பெரும்பாலும் டிஸ்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி. அந்தப் பட்டியல் பதினாறை அடிமானமாகக் கொண்ட (ஹெக்ஸாடெசிமல்) எண்களில் இருக்கும், ஆதலால் ‘1எஃப்’ என்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது வெறும் 31. பவர் சப்ளையை மட்டும் இந்த உள்ளமைந்த சோதனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். சில கணினிகளில் பின்பக்கம் ஒரு சிறு பொத்தானும் பச்சை விளக்கும் இருக்கும், ஆனால் அந்த விளக்கு எரிவதால் முழுப் பளுவையும் தாங்கும் என்று உறுதியாகிவிடாது.

கேட்டவர்

ஐயா இருவருக்கும் நன்றி. கோப்புகளை நகலெடுத்தபின், பிற்பகல் மூன்று மணிக்கு விரிவான சோதனையை ஓட்டினேன். இருபத்தெட்டாம் நிமிடத்தில் நினைவகப் பிழை என்று சிவப்பில் வந்து நின்றது. ரப்பரால் தேய்த்து மாட்டிய பின்னும் அதே பிழை. ஒவ்வொரு ராமாக, ஒரே துளையில் மாட்டிச் சோதித்ததில் ஒன்று நன்றாகத் தேறியது, மற்றொன்று இரண்டு முறையும் தவறியது. தேறியதை இரண்டாம் துளையிலும் மாட்டிப் பார்த்தேன், அங்கும் பிழையில்லை. 5-உம் 197-உம் சுழியம். 199 மட்டும் 31 (நல்லவேளை, சொல்லி வைத்தீர்கள்), கேபிளையும் மாற்றிவிட்டேன். நான்கு நாட்களாக 4 ஜிபியிலேயே வேலை நடக்கிறது, ஒருமுறைகூட உறையவில்லை. புதிதாக வாங்கும் ராம் எப்படி இருக்க வேண்டும்?

இரண்டாம் பதில் அளித்தவர்

இருக்கும் ராமின் ஒட்டியில் பிசி3 என்று தொடங்கினால் அது டிடிஆர்3 வகை ராம். மேசைக் கணினிக்கு 240 பின் (இணைப்புப் பல்) உள்ளதைக் கேளுங்கள், மடிக்கணினிக்கான 204 பின் பொருந்தாது. பழையதையும் கையோடு கொண்டுபோய்க் காட்டி, அதே வேகம் உள்ளதாக வாங்குங்கள். வாங்கிய அன்றே, பிற்பகலில், இரண்டையும் சேர்த்து விரிவான சோதனையை ஓட்டுங்கள். தவறினால் மறுநாளே கடையில் மாற்றிக்கொள்ளலாம்.