ஊருக்கு ஒரு போன் புத்தகம்: பெயரை எப்படி அடுக்குவது, யாரைச் சேர்ப்பது?

பெரியபட்டினம் பக்கம்:
எங்களுடையது கடற்கரை ஊர். பாதி வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில், மீதி வீடுகளில் கடலில். ஊருக்கென்று ஒரு சின்ன போன் புத்தகம் அச்சடிக்க இளைஞர்கள் சிலர் இறங்கியிருக்கிறோம், ஏனென்றால் அவசரத்துக்கு ஒருவர் எண் வேண்டுமென்றால் நாலு பேரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. எண்கள் வந்து குவிந்துவிட்டன, ஆனால் வரிசைப்படுத்த உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. இனிஷியல்படி அடுக்கினால் யாரும் தேட முடியாது. பெயர்படி அடுக்கினால் முகம்மது என்று தொடங்குவதே பக்கம் பக்கமாகப் போகிறது. இன்னொரு சிக்கல், துபாயில் இருக்கிறவர் பெயரில் வீட்டு எண்ணைப் போடுவதா, வீட்டில் இருக்கிறவர் பெயரில் போடுவதா? சில வீடுகளில் பெண்கள் பெயரே வேண்டாம் என்கிறார்கள். அந்தக் காலத்தில் டெலிபோன் டைரக்டரியில் இதையெல்லாம் எப்படிச் செய்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய எக்ஸ்சேஞ்ச் ஆள்:
தம்பி, நல்ல காரியம், செய்யுங்கள். நான் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் டைரக்டரியில் இனிஷியல் பின்னால் போய்விடும். எம். அப்துல் கரீம் என்பவர் "அப்துல் கரீம் எம்." என்று ஆங்கில அகரவரிசையில் வருவார், அடுத்து சுருக்கமாக முகவரி, கடைசியில் எண். மாவட்டப் புத்தகத்தில் எல்லா ஊரையும் ஒன்றாகக் கலக்காமல் எக்ஸ்சேஞ்ச் (தொலைபேசி இணைப்பகம்) வாரியாகப் பிரிப்பது வழக்கம். ராமநாதபுரத்துக்கு எஸ்டிடி கோடு 04567, ராமேஸ்வரத்துக்கு 04573, அதனால் ஊரைத் தெரிந்துகொண்டுதான் பெயரைத் தேட முடியும். அரசு அலுவலகங்களும் அவசர எண்களும் முன்பக்கங்களில் தனியாக இருக்கும்.

யார் பெயர் வரும் என்றால், சந்தாதாரர் பெயர்தான். விண்ணப்பம் போட்டவர் யாரோ அவர். பேசுகிறவர் யார் என்று துறை பார்க்காது. அப்பா காலமாகி வருஷக்கணக்கான பிறகும், பெயர் மாற்றம் செய்யாத வீடுகளில் அவர் பெயரே அச்சாகிக்கொண்டிருக்கும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பெயரை அச்சிடாமல் விடவும் வழி இருந்தது.

ஆங்கிலத்தில் மட்டும் போடாதீர்கள். முகம்மதுக்கு ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல், ஒரே பெயரை மூன்று நாலு இடத்தில் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். தமிழில் போட்டாலும் முகமது, முகம்மது, முஹம்மது என்று சிதறும், ஆகவே வரிசைக்கு ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அவரவர் எழுதுகிற விதத்தைப் பக்கத்தில் போடலாம். அப்புறம், ஜெயராஜ், ஹனீபா மாதிரிப் பெயர்களைக் கவனியுங்கள். அகராதியில் ஜ, ஸ, ஹ எல்லாம் கடைசியில் வரும், சில மென்பொருளில் ஜ போய் ச-வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும்.

தொண்டி வாசகன்:
அகரவரிசை ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். உலகத்தின் முதல் டெலிபோன் டைரக்டரி 1878 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவனில் வந்தது. ஒரே ஒரு தாள், 50 பதிவுகள், எண்ணே கிடையாது, ஏனென்றால் பெயரைச் சொன்னால் ஆபரேட்டர் இணைத்துவிடுவார். அதில் வீடுகள் தனி, மருத்துவர்கள் தனி, பல் மருத்துவர்கள் தனி, இறைச்சிக் கடை மீன் கடை தனி என்று வகை வகையாகத்தான் போட்டிருந்தார்கள். சின்ன ஊருக்கு அந்த முறை இன்றைக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

நம்மைப் போலவே குடும்பப் பெயர் வைக்காதவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள், பெரும்பாலும் அப்பா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள். அவர்கள் டைரக்டரி சொந்தப் பெயர் வரிசையில்தான் இருந்தது, ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக் காட்டத் தொழிலையும் போட்டார்கள். நீங்களும் பெயர், அப்பா பெயர், தெரு, தொழில் என்று போடுங்கள். பட்டப்பெயரை அவர் சம்மதித்தால் மட்டும் சேருங்கள். ஊரில் அதைச் சொல்லித்தான் அடையாளம் கேட்பார்கள் என்றாலும், அச்சில் பார்த்தால் மனம் புண்படுகிறவர்கள் உண்டு.

கீழக்கரை லாத்தா:
தம்பி, வீட்டில் போனை எடுக்கிறவர் பெயரைப் போடுங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டுக்காரர் சவுதியில் இருந்த காலம் முழுக்க வீட்டு போன் அவர் பெயரில் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து, ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் கேட்பார்கள், பதில் சொல்கிறது நான். பொறுப்பு பெண்ணிடம் இருக்கும்போது புத்தகத்தில் அவள் இல்லாமல் போவது எனக்கு இன்றைக்கும் சரியாகப் படவில்லை.

ஆனால் தெரியாதவன் ராத்திரியில் கூப்பிட்டுத் தொந்தரவு செய்கிற பயமும் உண்மையானது, அதை லேசாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பெண்ணிடமே கேளுங்கள், வீட்டு ஆண்களிடம் இல்லை. பெயர் வேண்டாம் என்றால் வீட்டுப் பெயரை மட்டும் போடலாம், எதுவுமே வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ட்ரூகாலர் மாதிரி செயலிகளில் யாரோ நம் எண்ணை எந்தப் பெயரில் பதிந்து வைத்தார்களோ அந்தப் பெயர் நம்மைக் கேட்காமலே ஊருக்குத் தெரிகிறது, ஊர்ப் புத்தகமும் அப்படி ஆகிவிடக் கூடாது. கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸப் குழுவில் பிடிஎப் ஆகவும் போட்டுவிடாதீர்கள், போனால் திரும்பி வராது.

பாம்பன் வலை:
லாத்தா சொன்னது சரி. நான் படகுக்காக எழுதுகிறேன். ஆள் பட்டியல் மட்டும் இருந்தால் கடல் ஊருக்குப் போதாது. படகு வாரியாக ஒரு பட்டியல் போடுங்கள்: பதிவு எண், படகின் பெயர், உரிமையாளர் எண், டிரைவர் எண், கரையில் இருக்கிற வீட்டார் எண். காலையில் வர வேண்டிய படகு வரவில்லை என்றால், கூலிக்குப் போனவன் வீட்டில் உரிமையாளர் எண்கூட இருக்காது. அந்த வீட்டுப் பெண்கள் படகுத் துறைக்கு ஓடிவந்து ஒவ்வொருவராகக் கேட்டு அலைவதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வல்லம், நாட்டுப்படகு எதையும் விடாதீர்கள், அனுமதி டோக்கன் வாங்கிப் போகிற விசைப்படகு மட்டும்தான் படகு என்று இல்லை. முதல் பக்கத்தில் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இரண்டையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

பெரியபட்டினம் பக்கம்:
எல்லாருக்கும் நன்றி. தெரு வாரியாகப் பிரித்து, உள்ளே பெயர் வரிசை, படகுப் பட்டியல் தனி என்று முடிவு செய்திருக்கிறோம். பெண்களிடம் கேட்க எங்கள் அக்காமார்களே வீடு வீடாகப் போகிறார்கள். எண் மாறினால் என்ன செய்வது?

பழைய எக்ஸ்சேஞ்ச் ஆள்:
நாங்கள் அடுத்த பதிப்பு வரும்வரை திருத்தப் பட்டியல் தனியாக அடிப்போம். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், ஒவ்வொரு தெருப் பக்கத்திலும் கீழே நாலைந்து வரி வெற்றிடம் விடுங்கள், அவரவர் பேனாவால் எழுதிக்கொள்வார்கள். படகுப் பட்டியலை மட்டும் மீன்பிடித் தடைக்காலம் முடிகிற ஜூனில் வருஷா வருஷம் புதிதாக அடியுங்கள், ஆள் மாறுவது அப்போதுதான் அதிகம்.